மஞ்சள் பலகைக்கு இந்தப் பக்கம்

1

இந்த ஈஸ்டருக்கும் ரேலி பார்க்கப் போனோம். நைரோபியிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டி, செம்மண் சாலை ஒன்று சரிவிலிருந்து இறங்கித் திரும்பும் இடத்தில் காதர் காரை ஓரங்கட்டினார். காதர் என் கணவர். மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்கில் டீ, டப்பாவில் சமோசா எல்லாம் அவரே இறக்கி வைத்தார். மகள் நூருக்குப் பதினைந்து வயது. அவள் இறங்கவில்லை. வாக்மேனைக் காதில் மாட்டிக்கொண்டு பின்சீட்டில் படுத்துவிட்டாள்.

எங்கள் ஊர் பழவேற்காட்டில் இருப்பவர்களுக்கு ரேலி என்றால் கட்சிக்காரர்கள் கொடி பிடித்துப் போவது. இங்கே அது கார்ப் பந்தயம். வட்டமான மைதானத்தில் சுற்றுவதில்லை. ஆடும் மாடும் ஆளும் நடக்கிற சாதாரணப் பாதையில், நாடு முழுக்க நாலு நாள் ஓட்டுவார்கள். காருக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார். பக்கத்தில் இருப்பவர் வழியும் நேரமும் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவார். பத்து வருடத்துக்கு முன்பு இதே திருப்பத்தில் நிற்க இடம் கிடைக்காது. முதல் நாளே வந்து மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். டீக்கடை ரேடியோவில் வேறு பேச்சே இருக்காது.

இந்த வருடம் எங்களையும் சேர்த்துப் பதினோரு பேர். முதலில் ஒரு ஹெலிகாப்டர் வந்தது. பாதையில் மாடு நிற்கிறதா என்று மேலிருந்து பார்த்து ஓட்டுகிறவனுக்குச் சொல்வதற்காக, கார்க் கம்பெனி அனுப்பியது. பின்னால் ஒரு கார். புழுதி அடங்கியதும் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை.

"பாத்தியா? ரூல் போட்டுப் போட்டே சாவடிச்சுட்டானுங்கோ" என்றார் காதர். "சட்டம் பேசறவன்லாம் பேசி, வண்டி ஓட்டறவன வூட்டுக்கு அனுப்பிட்டானுங்கோ."

பக்கத்தில் சோளம் சுட்டு விற்ற கிழவி என்னிடம் சுவாஹிலியில் சொன்னாள்: "முன்பு உங்கள் இந்தியர்கள் ஓட்டுவார்கள். டயர் வெடித்தால் எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்பார்கள். இப்போது வருகிறவனுக்கு முகமே இல்லை. எதற்குப் பார்ப்பது?"

நான் சோளம் வாங்கிக்கொண்டேன். காதர் மாலைவரை உட்கார்ந்திருந்தார்.

2

ரேலியின் மவுசு குறைந்ததற்கு காதர் சொல்லும் காரணம் பொய் இல்லை. அந்தக் காலத்தில் மெக்கானிக், மளிகைக்கடைக்காரர், விவசாயி எல்லோரும் சொந்தக் காரில் ஓடினார்கள். ஜெயிப்பது வேறு விஷயம். கடைசிவரை ஓடி முடித்தாலே ஊர் கொண்டாடும். பிறகு கம்பெனிகள் பந்தயத்துக்கென்றே ராட்சதக் கார்களைச் செய்துகொண்டு வந்தன. ஐரோப்பாவில் கார் கூட்டத்துக்குள் புகுந்து வேடிக்கை பார்த்தவர்கள் செத்தார்கள். ஓட்டுகிறவர்களும் செத்தார்கள். உடனே அந்தக் கார்களுக்குத் தடை. சீட்டுக்கு ஒரு விதி, பெல்ட்டுக்கு ஒரு விதி, பெட்ரோல் டேங்குக்கு ஒரு விதி. ஒவ்வொன்றிலும் அனுமதிச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும், அதில் தேதி இருக்க வேண்டும்.

எங்கள் காருக்கும் கடிதம் வந்தது. அந்த மாடலைக் கம்பெனி நிறுத்தி இத்தனை வருடமாகிவிட்டதால் பந்தயத்துக்கான அங்கீகாரம் காலாவதி. காதர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ரேலி ஆபீசுக்கு நான்கு முறை அலைந்தார். மூன்று முறை படிவம் மாறிவிட்டது என்றார்கள். நான்காவது முறை கௌண்டரில் இருந்த பெண் கேட்டாளாம், "அந்த வண்டி இன்னும் ஓடுகிறதா?"

"ஓடுதான்னு கேக்கறா, ஓடுதான்னு!" வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டை என் காலடியில் எறிந்தார். தட்டு எவர்சில்வர். உடையவில்லை.

எனக்கு அப்போது தோன்றியது வேறு. ஐரோப்பாவில் பாதையோரம் ஆள் செத்ததும் அந்த வருடமே விதி மாறியது. எங்கள் பாதையோரத்தில் செத்தவளுக்காக ஒரு வரிகூட மாறவில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

3

விதி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். வாப்பா ஏரிக்கரைக் குப்பங்களில் இறால் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்புவார். பள்ளி இல்லாத நாளில் நானும் தோணியில் போவேன். ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதற்குச் சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பார்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர். பாடு இல்லாதவன் அந்த இடத்தில் வலை இறக்கக்கூடாது.

எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒருத்தன் இறக்கிவிட்டான். எந்தக் குப்பம் என்று எழுதமாட்டேன். அவர்கள் பேரன்கள் இதைப் படிப்பார்கள். வலையைக் கரையில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். அவன் பெண்டாட்டி நிறைமாதம். ஒவ்வொருத்தர் காலாக விழுந்துகொண்டு வந்து, கடைசியில் வாப்பாவின் காலிலும் விழுந்தாள். வாப்பா காலை நகர்த்திக்கொண்டார்.

"முறைன்னா முறைதாம்மா" என்றார் என்னிடம். "இல்லாங்காட்டி ஏரி காலியாய்டும்."

நைலான் வலை எரிந்தால் சொட்டுச் சொட்டாக உருகி விழும். அது தணியும்வரை எல்லோரும் நின்று பார்த்தார்கள். எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. தப்பு செய்தவன் அழுதால் சரியாகிவிடுமா என்றுதான் நினைத்தேன். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், பின்னால் நான் செய்ததைப் படிக்கும்போது கல்யாணமாகி வந்த ஊர் கெடுத்துவிட்டது என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசக்கூடாது என்பதுதான்.

காதரும் எங்கள் ஊர்தான். சைக்கிளில் சோழவரம் போய், விமான ஓடுதளத்தில் நடக்கும் பந்தயத்தை முள்வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர். புதுப்பேட்டையில் மெக்கானிக் வேலை கற்றார். மொம்பாசாவில் இருந்த அவர் மாமா வரவழைத்தார். எழுபதுகளின் நடுவில் நிக்காஹ் முடிந்து நானும் வந்தேன்.

வந்த புதிதில் சுவாஹிலி படுத்திய பாடு கொஞ்சமில்லை. 'போலே' என்றால் வருத்தம் தெரிவிப்பது. 'போலே போலே' என்றால் மெதுவாக. பக்கத்து வீட்டுக்காரியின் அப்பா இறந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு "போலே போலே" என்றேன். அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். மெதுவாக அழச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

4

காதருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்த நண்பருக்கு ஒரு வருடம் மஞ்சள்காமாலை வந்துவிட்டது. பந்தயத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. எனக்கு ஆங்கிலம் படிக்க வரும், மனக்கணக்கு வேகமாக வரும். நண்பர் இடத்தில் என்னை உட்காரச் சொன்னார் காதர். நூர் குழந்தை. அவளை மொம்பாசாவில் காதரின் மாமா வீட்டில் விட்டோம்.

விதிப் புத்தகத்தை இரண்டே நாளில் படித்து முடித்தேன். நிஜமாகவே ரசித்துப் படித்தேன். வழியில் சாவடிகள் இருக்கும். ஒவ்வொரு சாவடிக்கும் குறித்த நிமிடத்தில் போய் அட்டையில் முத்திரை வாங்கவேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால் ஒரு தண்டம். முன்னதாகப் போனாலும் தண்டம்தான். அதனால் சாவடிக்குச் சற்று முன்னால் ஒரு மஞ்சள் பலகை வைத்திருப்பார்கள். சீக்கிரம் வந்துவிட்டால் பலகைக்கு இந்தப் பக்கமே நின்று காத்திருக்கலாம். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு என்று நினைத்தேன்.

ஒத்திகையின் முதல் நாள் காதர் சொன்னார்: "இந்தா, கேட்டுக்கோ. வண்டிக்குள்ள நீ எனக்குப் பொண்டாட்டி இல்ல. கடியாரம். கடியாரம் அழாது, கடியாரம் பயப்படாது. இன்னா?"

"சரிங்க."

ஒரு வளைவைத் தவறாகச் சொன்னபோது இடது முழங்கையால் என் விலாவில் இடித்தார். அதற்குப் பிறகு தவறும்போதெல்லாம் இடித்தார். அந்தப் பக்கம் முழுக்கக் கன்றிக் கறுத்துவிட்டது. நானும் குறை சொல்லவில்லை. தப்பு நான்தானே செய்தேன்.

5

மூன்றாம் நாள் காலை. முந்தின நாள் மழை பெய்து விட்டிருந்தது. சேற்றில் சிக்கி நிறைய நேரம் போயிருந்தது. இருந்தாலும் எங்களைப் போன்ற சொந்தக்கார்க்காரர்களில் நாங்கள்தான் முன்னால். எங்களுக்கு அடுத்து இரண்டு நிமிடம் பின்னால் ஹஸ்முக் பாயும் அவர் தம்பி தினேஷும் வந்துகொண்டிருந்தார்கள். நைரோபியில் இரும்புக்கடை வைத்திருக்கும் குஜராத்திக்காரர்கள். தம்பி ஓட்ட, அண்ணன் வழி சொல்வார்.

இருபுறமும் தேயிலை. பாதை வளைந்து இறங்கியது. ஒரு பெண் விறகுக்கட்டை முதுகில் சுமந்து, கட்டின் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு குனிந்தபடி ஓரமாக நடந்துகொண்டிருந்தாள். அப்படிச் சுமப்பவர்களால் சட்டென்று தலையைத் திருப்ப முடியாது. காதர் ஹாரன் அடித்தார். அவள் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் பாதைக்கு உள்பக்கமாக ஒதுங்கினாள்.

விறகு கண்ணாடி முழுக்கச் சிதறியது. என் பக்கத்து விளக்கு உடைந்தது.

"நிறுத்துங்க!"

அவர் நிறுத்தவில்லை.

"ஏங்க, ஆளு! பொம்பளை! நிறுத்துங்க!"

"எத்தினி நிமிஷம் கீது?"

"அல்லாவே, நிறுத்துங்களேன்!"

"நிமிஷம் சொல்றி! சாவடிக்கு எத்தினி நிமிஷம் கீது?"

முழங்கை இடித்தது. நான் மடியில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அட்டையைப் பார்த்தேன்.

"நாலு" என்றேன்.

அந்தச் சொல்லை நான்தான் சொன்னேன். அவர் கியரை மாற்றினார். பின்னால் திரும்பிப் பார்க்க பெல்ட் விடவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெல்ட் விட்டிருக்கும்.

சாவடிக்கு வந்தபோதுதான் தெரிந்தது, நான் கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தேன். அட்டையில் ஒரு வரி மாற்றிப் படித்திருக்கிறேன். எங்களுக்கு இருந்தது நான்கு நிமிடம் இல்லை, ஒன்பது. முன்னதாக நுழைந்தால் தண்டம். அதனால் மஞ்சள் பலகைக்கு இந்தப் பக்கம் இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தோம். காதர் இறங்கி, விளக்கில் சிக்கியிருந்த சுள்ளிகளைப் பிடுங்கிப் போட்டார். கொஞ்சம் துணியும் இருந்தது. அதையும் போட்டார். பிறகு ஓர் அவித்த முட்டையை உரித்துத் தின்றார். எனக்கும் ஒன்று நீட்டினார்.

சாவடிக்காரர் உடைந்த விளக்கைப் பார்த்துவிட்டு, "என்ன ஆயிற்று?" என்றார்.

"மாடு" என்றார் காதர்.

சாவடிக்காரர் என்னைப் பார்த்தார். நான் அட்டையை நீட்டினேன். சரியான நிமிடத்தில் முத்திரை விழுந்தது.

6

ஹஸ்முக் பாயின் கார் அந்தச் சாவடிக்கு வரவே இல்லை.

அவர்கள் நிறுத்திவிட்டார்கள். தம்பி காரை ஓரங்கட்ட, அண்ணன் இறங்கி ஓடி அவள் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். தேயிலைக்குள்ளிருந்து ஆட்கள் வந்து பார்த்தபோது பாதையில் விழுந்து கிடக்கிறவள் ஒருத்தி, பக்கத்தில் கதவில் எண் எழுதிய கார் ஒன்று, இரத்தக் கையோடு ஓர் இந்தியன். அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? கல்லால் அடித்தார்கள். சிதறிக்கிடந்த விறகையே எடுத்து அடித்தார்கள். தினேஷுக்குக் கை முறிந்தது. ஹஸ்முக் பாய்க்கு வலது கண் போனது. அந்தப் பெண் மதியத்துக்குள் இறந்துவிட்டாள். சாவடிக்கு வந்து சேராததால் அவர்கள் காரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். விதிப்படி அதுதான் சரி.

நாங்கள் ஓடி முடித்தோம். மேடையில் மாலை போட்டார்கள். சேலைக்காரி ஒருத்தி ரேலி ஓடி முடித்தாள் என்று பத்திரிகையில் படம் வந்தது. ஊருக்கும் அனுப்பினோம். அதே பக்கத்தின் கீழே இரண்டு வரி: உள்ளூர்ப் பெண் ஒருவர் மரணம், கும்பல் தாக்கியதில் போட்டியாளர்கள் காயம். எந்தக் கார் இடித்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஹஸ்முக் பாயின் கார் என்றுதான் அந்த ஊரே சொல்லியிருக்கும்.

காதர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். கட்டுப் போட்ட முகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "காட்டுமிராண்டிப் பசங்க பாய்" என்று இந்தியில் சொன்னார். நான் ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாக ஹஸ்முக் பாயின் கையில் வைத்தேன்.

பிறகு காதர் இன்னும் சில வருடம் ஓடினார், வேறு ஆட்களோடு. நான் ஏறவில்லை. "பொம்பளைக்குத் தாங்கல" என்று எல்லோரிடமும் சொன்னார். எனக்கு அந்தப் பொய் வசதியாக இருந்தது.

7

ஈஸ்டர் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் நூரை ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்களாம். எங்களோடு ஆங்கிலத்திலும் தோழிகளோடு சுவாஹிலியிலும் பேசுகிறவள். தமிழ் அவளுக்கு, கூப்பிட்டால் வரும் பூனை மாதிரி. பாதி நாள் வராது. கட்டுரையை என்னிடம் காட்டினாள். தன் அம்மா ரேலி ஓடிய கதை. பந்தயத்தின் பொற்காலம், துணிச்சல், நேர்மை என்றெல்லாம் எழுதியிருந்தாள். அப்பா சொன்னது. ஈஸ்டரில் இறங்கிப் பார்க்காதவள் இதை எழுதியிருந்தது எனக்கு ஆச்சரியம். ஆசிரியை வகுப்பில் படித்துக் காட்டிப் பாராட்டினாளாம். அந்தக் காலத்தில் ஓடிய இன்னொருவரைப் பேட்டி எடுத்துச் சேர்க்கச் சொன்னாளாம்.

"ஹஸ்முக் அங்கிளைக் கேட்கட்டுமா? கண் எப்படிப் போனது என்று கேட்கலாம்" என்றாள்.

மறுநாள் அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நான் தனியாக இரும்புக்கடைக்குப் போனேன். எத்தனையோ முறை போன கடைதான். நாங்கள் இரண்டு பேரும் சுவாஹிலியில் பேசிக்கொள்வோம். அவர் என்னைத் 'தாதா' என்பார். அக்கா என்று அர்த்தம். நான் அவரைக் 'காக்கா' என்பேன். எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளிலும் அண்ணன் காக்காதான், சுவாஹிலியிலும் காக்காதான். அந்த மொழியில் எனக்கு இடறாத ஒரே சொல்.

கடையில் ஆள் இல்லை. ஆணிகளை எடை போட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

"காக்கா, அன்றைக்கு இடித்தது நாங்கள்தான்" என்றேன்.

அவர் பொட்டலத்தை மடித்து நூல் சுற்றினார். ஒற்றைக் கண்ணால் முடிச்சுப் போட அவருக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

"தெரியும்" என்றார்.

"எப்போதிலிருந்து?"

"அவள் பக்கத்தில் குனிந்தபோதே. உங்கள் விளக்கின் கண்ணாடி கிடந்தது. அந்த மஞ்சள் கண்ணாடி என் கடையில் வாங்கினது."

"அப்புறம் ஏன் சொல்லவில்லை? ஆஸ்பத்திரியில் அவர் வந்து உட்கார்ந்தாரே..."

"முடிவுகளைப் பலகையில் ஒட்டிய அரை மணி நேரத்துக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கவேண்டும் தாதா. விதி. அந்த அரை மணியில் டாக்டர் என் கண்ணை எடுத்துக்கொண்டிருந்தார்."

விளையாட்டாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

"போலீஸிடம்?"

"தினேஷ் போனான். போட்டியில் நடந்ததைப் போட்டி நடத்துகிறவர்களிடம் சொல் என்றார்கள். அவர்களிடம் போனான். பொதுச் சாலையில் நடந்ததைப் போலீஸிடம் சொல் என்றார்கள்." அடுத்த பொட்டலத்தை எடுத்தார். "பிறகு நான் சும்மா இருந்துவிட்டேன். ஒன்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ எத்தனை வருடம் கழித்து வருவாய் என்று. வரமாட்டாய் என்று தினேஷ் சொன்னான்."

நான் அழ ஆரம்பித்தேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை, தண்ணீரும் தரவில்லை. ஒரு வாடிக்கைக்காரர் உள்ளே வந்ததும், "வழி விட்டு நில்லு" என்றார். 'தாதா' என்று சேர்க்கவில்லை.

8

மத்தியானம் வெகுநேரம் கழித்துத்தான் காதர் சாப்பிட வந்தார். மீன் குழம்பு ஊற்றினேன். ஹஸ்முக் பாய்க்கு எல்லாம் தெரியும் என்று சொன்னேன்.

சோற்றைப் பிசைந்த கை கொஞ்சம் நின்றது. "எவ்ளோ நாளா?"

"முதல்லேர்ந்தே."

யோசித்தார். "கேஸ் போடுவானா?"

"மாட்டாரு."

"அப்பறம் இன்னா?" மறுபடி பிசைந்தார். "வுடு. அந்தப் பொம்பள ஹாரன் அடிச்சப்போ உள்ள வந்தா. தப்பு யாருது? இப்பதான் ரூலு, பாதுகாப்புன்னு பேசறானுங்கோ. அப்போ ஓட்டறவன் ஓட்டுவான், நடக்கறவன் ஒதுங்கணும். அவ்ளோதான்."

"நூர் கட்டுரைக்கு நான் நெசத்த சொல்லப் போறேன்."

"சொல்லு. ஸ்கூல் புள்ள பேச்ச எவன் நம்புவான்?"

"பத்திரிகைக்கும் எழுதப் போறேன்."

சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "எதுல எழுதுவே? தமிழ்லதானே? எழுது எழுது. இங்க எவனுக்குடி தமிழ் படிக்கத் தெரியும்?"

"இங்க இல்லீங்க. ஊர்ல படிப்பாங்க. பெரிய பள்ளிவாசல் தெருவுல படிப்பாங்க. உங்க உம்மாவுக்குக் கண்ணு தெரியாது, யாராவது படிச்சுக் காட்டுவாங்க."

கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே உதறினார். எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"வேணாம் ஜமீலா" என்றார். "அவங்க உசிரோட இருக்கற வரைக்கும் வேணாம். உன் கால்ல வேணாலும் வுழறேன்."

விழவும் விழுந்தார். ஐம்பது வயதில், மீன் நாற்றமும் கிரீஸ் நாற்றமும் கலந்த கையால் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். பள்ளியிலிருந்து வந்த நூர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் காலை நகர்த்திக்கொண்டேன். அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தேன். நூர் எதிரில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பக்கத்தையும் வாங்கி, எழுத்துக் கூட்டி, புரியாத சொல்லுக்கு அர்த்தம் கேட்டுக் கேட்டுப் படித்தாள். அவள் இவ்வளவு தமிழ் படித்து நான் பார்த்ததில்லை. 'நாலு என்றேன்' என்ற இடத்துக்கு வந்ததும் அர்த்தம் கேட்கவில்லை. தாளை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் அப்பாவோடு பேசுகிறாள். என்னோடுதான் பேசுவதில்லை.